ஓட்டு வீட்டுக்கு முப்பது காசு

கோட்டையூரில் ஏறியதிலிருந்து ஃபர்சானா டீச்சர் கையிலிருந்த துண்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்றாகிப் பல மாதங்கள் ஓடிவிட்டன. இருந்தாலும் கண்டக்டர் ஒவ்வொரு பெண்ணிடமும் வந்து, ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். தினம் வாங்கிக் கைப்பையில் திணிக்கிற சீட்டுதான். அன்றைக்கு ஏனோ கேட்கத் தோன்றியது.

“காசே வாங்கலையே, பிறகு எதுக்குண்ணே டிக்கெட்டு?”

“எத்தனை பேரு ஏறுனீகன்னு கணக்கு வேணும்ல டீச்சர். அதை வச்சுத்தான் எங்களுக்கு அரசாங்கம் காசு குடுக்கும்.”

“அரசாங்கத்துக்கு யாரு குடுக்குறா?”

கண்டக்டர் சிரித்துவிட்டார். “நீங்க நடத்துற பாடமாச்சே அது! எங்கிட்டக் கேக்குறீக?”

அவர் சொன்னது வாஸ்தவம். நெடுங்கரை மேல்நிலைப் பள்ளியில் ஃபர்சானா பதினேழு வருடமாகப் பொருளியல் நடத்துகிறார். நேர்முக வரி, மறைமுக வரி, வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் இந்தச் சீட்டுக்கான காசு எந்த வீட்டிலிருந்து கிளம்பி, யார் யார் கை மாறி இந்தக் கண்டக்டரின் சம்பளமாகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அது அவரை அரிக்கத் தொடங்கியது.

சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான். அத்தா மீரான் சாகிபு லாரி ஓட்டினார். பரீட்சை லீவில் மகளையும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவார். எல்லையில் சோதனைச் சாவடி வந்தால் வண்டியை ஓரங்கட்டிக் காகிதங்களோடு இறங்குவார்.

“ஏன் அத்தா இங்க நிக்கிறோம்?”

“வரி கட்டணும்மா.”

“வரியை வாங்கி என்ன செய்வாக?”

“ரோடு போடுவாக.”

அடுத்த பள்ளத்தில் லாரி விழுந்து எழும்போது பத்து வயது ஃபர்சானா கேட்பாள்: “அப்ப இந்த ரோட்டுக்கு யாருமே கட்டலையா?” மீரான் சாகிபு கிளீனர் பையனைப் பார்த்துச் சொல்வார்: “இவளைக் கட்டிக்கப்போறவன் பாடு பெரும்பாடுதான்டா.”

அந்தப் பாட்டைப் படுகிறவர் முஜிபுர் ரகுமான். ஷார்ஜாவில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் வேலை. சீட்டு விஷயத்தை அன்று போனில் சொன்னதும், “இங்கெல்லாம் அந்தத் தொல்லையே இல்ல, வரியே கிடையாது” என்றார்.

“அப்ப அங்க ரோடு யாரு போடுறா மச்சான்?”

“எண்ணெய் போடுது.”

“எதுக்கும் நீங்க கடையில வாங்குன ஒரு பில்லை போட்டோ எடுத்து அனுப்புங்க.”

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. கூடவே அவர் குரலும்: “அஞ்சு சதவீதம்னு கீழ போட்டிருக்கான். இது எப்பலேர்ந்து? இத்தனை நாளா பில்லைக் கசக்கித்தானே எறிஞ்சேன்!”

மறுநாள் வகுப்பில் ஃபர்சானா புத்தகத்தைத் திறக்கவில்லை. இருபத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். “யார் வீட்டுல எல்லாம் வரி கட்டுறாங்க?” என்று கேட்டார். இரண்டு கைகள் உயர்ந்தன. ஒருவனுடைய அப்பா மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். இன்னொருத்தியின் அண்ணன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான்.

“எங்க வீட்டுலல்லாம் வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்ல டீச்சர்” என்றாள் தீபலட்சுமி. அவள் அம்மா புஷ்பவள்ளி ஊரிலுள்ள ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறவர். அப்பா இல்லை.

“சரி. ஒரு வாரத்துக்கு உங்க வீட்டுக்கு வர்ற ஒரு துண்டு பில்லையும் தூக்கிப் போடாதீங்க. எல்லாத்தையும் கொண்டுவாங்க.”

அந்த வாரம் பையன்கள் பெட்ரோல் பங்கில் சீட்டுக் கேட்டு வாங்கினார்கள். மருந்துக்கடையில், உரக்கடையில், ஓட்டலில் கேட்டார்கள். சில கடைகளில் பில்லே கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. திங்கட்கிழமை மேசைமேல் ஒரு குவியல். தீபலட்சுமி தன் அம்மாவின் போன் ரீசார்ஜை எடுத்துக்கொண்டாள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். அதில் வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டவள், இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தாள்.

“நாப்பத்தஞ்சு ரூபா அறுபது காசு டீச்சர்! ஒரு ரீசார்ஜுக்கு!”

“அப்ப உங்கம்மா வரி கட்டுறாங்களா, இல்லையா?”

“எங்கம்மா இது தெரியாமலே கட்டுறாக” என்றாள் அவள். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. ஒரு வீட்டுக்குள் இத்தனை நாள் கண்ணில் படாத கதவைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

குவியலில் இன்னும் இரண்டு ரசீதுகள் இருந்தன. இரண்டும் தீபலட்சுமி கொண்டுவந்தவை, இரண்டும் நெடுங்கரை ஊராட்சியின் வீட்டு வரி ரசீதுகள். ஒன்று அவர்களுடைய காலனி வீட்டுக்கு: நூற்று அறுபது ரூபாய். மற்றது அவள் அம்மா வேலை பார்க்கும் பெரிய வீட்டுக்கு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பதால் வரியைப் புஷ்பவள்ளிதான் போய்க் கட்டிவிட்டு வருவார். அதில் போட்டிருந்த தொகை முந்நூற்று அறுபது.

மருதுபாண்டி எழுந்தே விட்டான். விவசாயி முத்துக்கருப்பனின் மகன், வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவன். “டீச்சர், அந்த வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது. தீபா வீட்டுல மொத்தமே ரெண்டு ரூமு. இது எந்த ஊரு நியாயம்?”

ஃபர்சானா இரண்டு ரசீதுகளையும் கையில் எடுத்துக்கொண்டார். “தெரியலைடா. கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றார்.

மாலையே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். செயலர் வீரபாண்டியன் கணினிமுன் உட்கார்ந்திருந்தார். ரசீதுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இதெல்லாம் எதுக்கு டீச்சர் கேக்குறீக? யாராச்சும் பெட்டிசன் போடச் சொன்னாகளா?”

“யாரும் சொல்லலை. பிள்ளைங்க கேட்டாங்க, எனக்குப் பதில் தெரியலை. அவ்வளவுதான்.”

வீரபாண்டியன் ரசீதுகளை மேசையில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. இது ஒரு கூத்து. வரி போடுறது சதுர அடிக் கணக்குல. கான்கிரீட் தளம் போட்ட வீடுன்னா அடிக்கு அம்பது காசு. ஓட்டு வீடுன்னா முப்பது காசு. வசதியானவுக தளம் போடுவாக, இல்லாதவுக ஓட்டு வீட்டுல இருப்பாகன்னு நெனச்சு என்னைக்கோ வச்சது. இப்ப காலனிக்காரவுகளுக்கு அரசாங்கமே தளம் போட்டுக் குடுத்துருச்சு. பெரிய வீடு பூராம் ஓடு.”

ஃபர்சானாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “அப்படியே இருந்தாலும் முந்நூத்தறுபது வராதே?”

“பதிவேட்டுல ஆயிரத்து இருநூறு சதுர அடின்னு இருக்கு. எப்பவோ அளந்தவுக முகப்பை மட்டும் அளந்துட்டுத் திரும்பியிருப்பாக. உள்ள போய் அளக்க அன்னைக்கு யாருக்குத் துணிச்சல்? நான் வந்து ஆறு வருசமாச்சு. இருக்கதை அப்படியே ஓட்டிக்கிட்டிருக்கேன்.”

“சின்னத் தொகைதானே, போனாப் போகுதுன்னு விட்டுட்டாங்களோ?”

“சின்னத் தொகையா?” வீரபாண்டியன் முன்னால் சாய்ந்தார். “மேல இருந்து வர்ற நிதி லட்சக் கணக்குலதான் வரும் டீச்சர். ஆனா அதுல பாதிக்கு மேல, இது தண்ணிக்கு, இது சுகாதாரத்துக்குன்னு பேரெழுதித்தான் வரும். நாங்க தொட முடியாது. ஒரு தெருவிளக்கு பியூஸ் போச்சு, ஒரு மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சுன்னா, யாரையும் கேக்காம எடுத்துச் செலவு பண்றது இந்த வீட்டு வரி ஒண்ணைத்தான்.”

பதினேழு வருடத்தில் எந்தப் புத்தகமும் இதை அவருக்கு இப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது ரசீதின் பின்பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

ஊரில் பேச்சு பரவ இரண்டு நாள் போதுமாயிருந்தது. தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். “பாடத்தை நடத்துங்க டீச்சர். பஞ்சாயத்தை நடத்தாதீக” என்றார். திட்டவில்லை, பயந்திருந்தார். ஃபர்சானாவுக்கும் பயம் வந்தது, ஆனால் தனக்காக அல்ல. பெரிய வீட்டு ரசீது புஷ்பவள்ளி மூலமாகத்தான் வெளியே வந்தது. அந்த வீட்டுச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அன்று தீபலட்சுமியிடம் ரசீதைத் திருப்பிக் கொடுத்து, “இதைப் பத்தி இனிப் பேச வேண்டாம்மா, விட்ருவோம்” என்றார்.

மறுநாள் காலை புஷ்பவள்ளியே பள்ளிக்கூட வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் ஃபர்சானா நினைத்தார்.

“டீச்சர், நான் நேத்தே மெட்ராசுக்குப் போன் போட்டேன். வேற யாரும் சொல்லி வீட்டுக்கார ஆச்சி காதுக்குப் போறதுக்கு முன்னாடி நம்மளே சொல்லிருவோம்னு. ‘ஆச்சி, உங்க ரசீதை எம்மக பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருச்சு, இப்படி இப்படிப் பேச்சு வருது’ன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ரசீதுல என்ன தொகை போட்டிருக்குன்னு கேட்டாக, சொன்னேன். பிறகு, ‘அந்த வீடு எத்தனை அடின்னு எனக்கே தெரியாதே புஷ்பம், அளந்துதான் பாக்கச் சொல்லேன்’னாக.” புஷ்பவள்ளிக்கு இன்னும் நம்ப முடியாத முகம். “அளக்கச் சொல்லிட்டாக டீச்சர். ஆனா யாரு அளக்குறது?”

சுதந்திர தினத்தன்று கிராம சபை கூடியது. பள்ளியில் கொடியேற்றிய கையோடு ஃபர்சானாவும் மாணவர்களும் போனார்கள். அங்கே போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் கோட்டையூர்க்காரர். இந்த ஊரில் அவருக்கு ஓட்டு இல்லை, எனவே சபையில் பேச உரிமையும் இல்லை. பிள்ளைகளுக்கோ இன்னும் பதினெட்டு ஆகவில்லை. பாடம் நடத்தியவரும் படித்தவர்களும் பந்தலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

வீரபாண்டியன் வரவு செலவை வாசித்தார். ஊராட்சித் தலைவி சோணையம்மாள் தலையாட்டினார். வழக்கமாக அடுத்தது தேநீர். அப்போது பெண்கள் பக்கமிருந்து புஷ்பவள்ளி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார். மருதுபாண்டி மரத்தடியிலிருந்து, “பேசுங்க அத்தை!” என்று கத்தினான்.

“எங்க வீட்டுக்கு அடிக்கு அம்பது காசு போடுறீக. நான் கூட்டுற வீட்டுக்கு முப்பது காசு. அது இருக்கட்டும், சட்டம் அப்படின்னு சொல்றீக. ஆனா நான் தினம் கூட்டுறேன்ல? அந்த வீடு ஆயிரத்து இருநூறு அடி இல்ல. முகப்பைக் கூட்டவே எனக்கு அரை மணி நேரம் ஆகுது. மிச்சத்தைக் கூட்டி முடிக்க மத்தியானம் ஆயிரும். வீட்டுக்கார ஆச்சியே அளக்கச் சொல்லிட்டாக. எப்ப அளக்கப்போறீக?”

பந்தலில் சிரிப்பு எழுந்தது. ஆனால் சோணையம்மாள் சிரிக்கவில்லை. செயலரைத் திரும்பிப் பார்த்து, ஒலிபெருக்கி இருப்பதை மறந்து கேட்டார்: “இது மாதிரி இன்னும் எத்தனை வீடு இருக்கு?” ஊரே அதைக் கேட்டது. வீரபாண்டியன் பதிவேட்டைப் புரட்டினார். எல்லா வீடுகளையும் மறுபடி அளப்பது என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். அலுவலகத்தில் ஆள் போதாது என்றதும், டேப் பிடிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வரலாம் என்று யாரோ சொன்னார்கள். தலைமை ஆசிரியர் சனிக்கிழமைகளில் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை பெரிய வீடு. புஷ்பவள்ளி பூட்டைத் திறந்தார். அந்த வீட்டை வெளியிலிருந்து மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பேசாமல் நின்றார்கள். முகப்பு, அதற்கு அப்பால் தூண்கள் சூழ்ந்த பெரிய கூடமான வளவு, அதைச் சுற்றிப் பூட்டிய அறைகள், பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி. முப்பது மீட்டர் டேப் ஒரே இழுப்பில் எட்டவில்லை. வளவின் நடுவே திறந்த முற்றத்தில் வெயில் விழுந்து கிடந்தது. அங்கே வந்ததும் டேப்பைப் பிடித்திருந்த மருதுபாண்டி நின்றுவிட்டான்.

“டீச்சர், இதுக்கு மேல ஓடு இல்லையே. வானத்துக்கும் வரி உண்டா?”

எல்லோரும் ஃபர்சானாவைப் பார்த்தார்கள். ஃபர்சானா கூட வந்திருந்த வீரபாண்டியனைப் பார்த்தார்.

“கூரை இருந்தாத்தான் வரி. முற்றத்தைக் கழிச்சிரு” என்றார் அவர்.

கழித்த பிறகும் பதினாறாயிரத்து நானூறு சதுர அடி வந்தது. முப்பது காசு வீதம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.

அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் சண்டையே நடந்தது. தொடங்கியதும் மருதுபாண்டிதான். “ஆளே இல்லாத வீடு டீச்சர். அது தண்ணி குடிக்காது, குப்பை போடாது. ஊருக்கு அதால ஒரு செலவும் இல்ல. அதுகிட்டப் போய் இவ்வளவு வாங்குறது நியாயமா?” முதலில் நியாயம் கேட்டவனே இப்படித் திரும்பியதில் தீபலட்சுமிக்கு ஆத்திரம். “பூட்டியிருந்தாலும் வாசல்ல தெருவிளக்கு எரியுதுல்ல? திருடன் வராம இருக்குறது யாரால?” வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடித்தும் யாரும் எழவில்லை. உபயோகிப்பவன் கொடுப்பதா, வசதி இருப்பவன் கொடுப்பதா என்று புத்தகத்தில் அரைப் பக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் அதை அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். இந்தத் தடவை எது சரி என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே நிச்சயமில்லை.

அக்டோபரில் புதிய வரிச் சீட்டுகள் வீடுகளுக்குப் போயின. அதற்கு மறுநாள் முத்துக்கருப்பன் பள்ளிக்கு வந்தார், கையில் சீட்டோடு.

“டீச்சர், உங்க பாடத்தால எனக்கு வரி கூடிருச்சு. பின்னாடி ஒரு ரூமு இழுத்துக் கட்டியிருந்தேன். யாருக்கும் தெரியாது. இப்ப எம்மவனே டேப்பைப் பிடிச்சு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கான். இருநூத்திப் பத்து ரூபா கட்டிக்கிட்டிருந்தேன், முந்நூறு ஆக்கிட்டாக. இதுக்குத்தான் பிள்ளையைப் படிக்க அனுப்புறதா?”

பள்ளிக்கூடமே எட்டிப் பார்த்தது. மருதுபாண்டி ஜன்னல் ஓரம் தலையைக் குனிந்து நின்றான். ஃபர்சானா சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

“கூடுனது உண்மைதாண்ணே. என்னால அதைக் குறைக்க முடியாது. ஆனா ஊர் முழுக்க அளந்ததுல, முன்னால கூடுதலா எழுதியிருந்த பதினோரு வீட்டுக்கு வரி குறைஞ்சிருக்கு. எல்லாமே கூடலை.”

“எனக்குக் கூடிருச்சுல்ல?”

“கூடிருச்சு.”

முத்துக்கருப்பன் மல்லுக்கு வந்தவர். டீச்சர் இப்படி ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை போலும். சற்றுத் தணிந்து, “சரி, கட்டுற காசு எங்குட்டுப் போகுதாம்?” என்றார்.

அதே கேள்வியைச் சென்னை ஆச்சியும் கேட்டிருந்தார். புதிய வரியைக் கேட்டு மெய்யம்மை ஆச்சி முகம் சுளிக்கவில்லை என்று புஷ்பவள்ளி வந்து சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாராம்: “நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தையும் கட்டிப்புடுறேன். வருசத்துக்கு ஒரு தடவை, என்ன செஞ்சீகன்னு ஒரு தாள்ல எழுதி அனுப்பச் சொல்லு. புரியிற தமிழ்ல.”

வீரபாண்டியன் தலையைச் சொறிந்தார். அப்படி ஒரு படிவம் அவரிடம் இல்லை. இருந்ததெல்லாம் பக்கம் பக்கமாக எண்கள். ஃபர்சானாவின் வகுப்பு அந்தப் பக்கங்களை வாங்கிக்கொண்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒற்றைத் தாளாக எழுதினார்கள். வீட்டு வரியாக மொத்தம் எவ்வளவு வந்தது, தெருவிளக்கு மாற்றியதற்கு எவ்வளவு, கால்வாய் தூர்வார எவ்வளவு, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு. ஒரு வரியில் பேனா நின்றது. பதினெட்டாயிரம் ரூபாய் செலவாகாமல் கிடந்தது. ஏன் என்று பதிவேட்டில் இல்லை. வீரபாண்டியனுக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.

“இதை விட்ருவோமா டீச்சர்? ஆச்சி தப்பா நெனச்சுக்குவாகளே” என்றாள் தீபலட்சுமி.

“தெரியாததைத் தெரியலைன்னே எழுதுவோம்” என்றார் ஃபர்சானா. ‘இது ஏன் செலவாகவில்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கிறோம்’ என்று எழுதி அனுப்பினார்கள்.

தாள் போய்ச் சேர்ந்த அன்று புஷ்பவள்ளியின் போனில் ஆச்சி அழைத்தார். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பதினெட்டாயிரத்தைப் பற்றித்தான் கேட்டார். “தெரியலைன்னு எழுதியிருக்காகளே, அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றும் சொன்னாராம்.

இந்தச் செய்தி எப்படியோ முத்துக்கருப்பனுக்கு எட்டிவிட்டது. மறுபடியும் பள்ளிக்கு வந்துவிட்டார்.

“ஆச்சிக்கு மட்டும்தான் தாளா டீச்சர்? நானும்தானே கட்டுறேன்? தொண்ணூறு ரூபா கூடவே கட்டுறேன்.”

ஃபர்சானாவுக்கு வெட்கமாகப் போயிற்று. வகுப்பில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அன்று மாலை மருதுபாண்டி சோணையம்மாளிடம் அனுமதி வாங்கி வந்தான். அந்தத் தாளைப் பெரிய அட்டையில் தடித்த எழுத்தில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். மாதத்தில் ஒரு நாளாவது எல்லோரும் வந்து நின்றே ஆக வேண்டிய இடம் அது.

அரிசி போடும் நாளன்று ஃபர்சானா பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வழியாகப் போனார். வரிசை வளைந்து நின்றது. முன்னால் இருந்தவர்கள் நகர்ந்த பிறகும் நடுவில் நான்கைந்து பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பைக்குள் பையைத் திணித்துவைத்திருந்த ஒரு பெண் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“மோட்டார் ரிப்பேரு... மூணு தடவை. ஏன்டி, ஒரே வருசத்துல ஒரே மோட்டாரா மூணு தடவை கெட்டுப்போச்சு?”

“பழைய மோட்டாரா இருக்கும்.”

“புதுசு வாங்குனா என்ன விலையாம்? அந்தப் பதினெட்டாயிரம் சும்மாதானே கெடக்கு?”

வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் பையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து, “என் இடத்தைப் பாத்துக்க, இந்தா வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த ஊராட்சி அலுவலகத்தின் படியேறினார்.